வாசல் வழியாக வந்த காபி

தம்பி,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை மூன்று முறை படித்தேன். கண்ணில் போட்ட மருந்தால் எழுத்து கலங்கினாலும் விடாமல் படித்தேன். நீயும் உன் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து அப்பா பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கப் போகிறீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளை, தமிழ்நாட்டுக்குள்ளேயே கல்லூரியில் படிக்க வைக்கப் போகிறீர்கள். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு அம்மாவுக்கு. “உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதும்மா. உன் பழைய ஆபீஸ்ல வீட்டு விசாரணைக்கு ஒரு படிவம் வெச்சிருப்பியே, அதை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு” என்று எழுதியிருந்தாய். பத்து நாளாகியும் நான் பதில் போடவில்லை. கண் வலிக்கிறதா என்று இரண்டு தரம் போனில் கேட்டாய். ஆமாம் என்று பொய் சொன்னேன். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர் வைத்த புது லென்ஸில் எதிர்வீட்டு மாடியில் காயும் துணியின் பொத்தான்கூடத் தெரிகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியிலேயே “விடும்மா, பழைய கதை” என்பாய். உன் அப்பா அப்படி இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். எழுத்தில் இருந்தால் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் நண்பர்கள் நாலு பேருக்கும் படிக்கக் கொடு. மறைக்க வேண்டியதை எல்லாம் மறைத்து முடித்துவிட்டேன். இனி ஒளித்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

நீ ஆறாவது படிக்கும்போது நான் அந்த வேலைக்குப் போனேன். பாடியில் உதிரிபாகக் கம்பெனி நடத்திச் சம்பாதித்த ஒரு மனிதர், தன் சொந்தப் பணத்தில் வைத்த அறக்கட்டளை அது. நாங்கள் அவரைச் சேர்மன் என்போம். நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதிதான். படிக்கிற கல்லூரி மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு ஆந்திர எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் கல்லூரி, கிடையாது என்றுவிட்டார். பிளஸ் டூ முடித்த மூன்று ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம். இன்னொன்று, முன்கூட்டிச் சொல்லாமல் எங்கள் ஆட்கள் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. “நாம குடுக்க வந்தவங்கம்மா, ரெய்டு பண்ண வந்தவங்க இல்ல” என்பார். மனு வந்தால் நான் போன் செய்து நாள் சொல்வேன். அந்த நாளில் போய் வீட்டைப் பார்ப்பேன். கூரை என்ன, மின்விசிறி உண்டா, டிவி, ஃபிரிட்ஜ், வண்டி உண்டா என்று படிவத்தில் டிக் போட்டு, கடைசியில் இரண்டு வரி என் கருத்தை எழுதுவேன். அந்த இரண்டு வரியில்தான் எல்லாம். மதிப்பெண்ணைச் சேர்மன் பார்ப்பார். வீட்டை அவர் என் கண்ணால்தான் பார்ப்பார்.

நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஜனங்கள் ஒளித்து வைப்பார்கள். டிவியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், வண்டியைத் தெருமுனையில் நிறுத்துவார்கள், பெண்டாட்டி கழுத்துச் சங்கிலி மஞ்சள் கயிறாக மாறும். அதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. சுவரில் சதுரமாக ஓர் இடம் மட்டும் வெளுப்பாக இருந்தால் அங்கே டிவி இருந்தது என்று அர்த்தம். திருவேற்காட்டில் ஒரு வீட்டில் வாஷிங் மிஷின்மேல் சிவப்புப் புடவையைப் போர்த்தி, அம்மன் படத்தை வைத்து, குங்குமம் இட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டே நின்றார்களே, நினைவிருக்கிறதா? “அம்மனுக்குப் பின்னால தண்ணி போற பைப்பு ஒண்ணு தொங்குதே, அது எதுக்குங்க?” என்று கேட்டேன். அன்று சாப்பிடும்போது நான் சொல்லச் சொல்ல, அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்துதான் நீ என்னை “சி.பி.ஐ. அம்மா” என்று கூப்பிட ஆரம்பித்தாய். எனக்கு அது பிடித்திருந்தது தம்பி. சும்மா சொல்லக் கூடாது, தலைக்கனமே வந்துவிட்டது. ஆபீசில் புதிதாக வந்த பெண்களுக்கு வகுப்பு எடுப்பேன்: அடுப்படியைப் பார்க்காமல் படிவத்தில் கையெழுத்துப் போடாதே, அடுப்படி பொய் சொல்லாது. ஊருக்கு உபதேசம்.

நீ பிளஸ் டூ முடித்த அதே வருடம், அண்ணனூரிலிருந்து ஒரு மனு வந்தது. சங்கீதா என்று ஒரு பெண், உன் வயது. அப்பா இல்லை. அம்மா அமுலு, ஆவடியில் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். பெண் நல்ல மதிப்பெண் வாங்கி, கவுன்சலிங்கில் நர்சிங் படிக்க இடமும் வாங்கிவிட்டாள். கல்லூரிக்கும் ஹாஸ்டலுக்கும்தான் வழியில்லை. வழக்கம்போல் போன் செய்தேன். “வாங்க மேடம், எப்ப வேணா வாங்க” என்று அமுலு மூச்சு வாங்கச் சொன்னார். ரயில்வே ஷெட்டைத் தாண்டி, ஒரே கதவு எண்ணில் நாலைந்து குடித்தனம் இருக்கும் காம்பவுண்டு அது. வாசலிலேயே நின்று கும்பிட்டு, முன்பக்கத்துப் போர்ஷனுக்குள் என்னை அழைத்துப் போனார். உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன், மூலையில் ஃபிரிட்ஜ். பக்கத்துவீட்டுப் பெண் ஜெயமேரி சுவரோரம் நின்றிருந்தார். சங்கீதா புதுச் சுடிதாரும் காதில் பெரிய ஜிமிக்கியுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? பரவாயில்லையே, ஒளிக்கத் தெரியாத ஜனங்கள் என்று ஒரு மரியாதை வந்தது. “ஃபிரிட்ஜ் எப்ப வாங்கினது?” என்றேன். அமுலு ஒரு கணம் ஜெயமேரியைப் பார்த்தார். “ரெண்டு வருசம் ஆவுது மேடம்” என்றார். சங்கீதாவிடம் ஏன் நர்சிங் என்று கேட்டேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் கண்ணீரோடு குடும்பக் கஷ்டம் சொல்லும் இடம் அது. இவளோ நிமிர்ந்து பார்த்து, “பிடிச்சிருக்கு மேடம்” என்றாள். அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். ஹாஸ்டலுக்கு மெத்தை, தலையணை, பக்கெட் எல்லாம் அன்றே வாங்க வேண்டும், கடை மூடிவிடுவான் என்று ஒரே அவசரம் உனக்கு. “மெத்தை, பக்கெட் எல்லாம் அம்மா வாங்கித் தர்றேன், நீ கவலைப்படாதடா” என்று அந்தப் பெண்ணின் எதிரிலேயே சொன்னேன். அமுலு காபி கொண்டுவந்தார். வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டிய காபி, வாசல் வழியாக வந்தது தம்பி. அதை நான் பார்த்தேன். கடையில் வாங்கியிருப்பார் என்று நினைத்துக் குடித்தேன். மணியைப் பார்த்தேன். அடுப்படியைப் பார்க்கவில்லை. ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதினேன்: “ஓரளவு வசதியுள்ள குடும்பம். இதைவிடத் தேவையுள்ளவர்களுக்கு முன்னுரிமை தரலாம்.” சாயங்காலம் நீயும் நானும் அம்பத்தூரில் மெத்தை வாங்கினோம். நீலக் கோடு போட்டது வேண்டுமென்று அடம்பிடித்தாய்.

இதில் உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. போன் அடித்தது நீ, புத்தி கெட்டது நான். சங்கீதாவுக்கு ஆபீசிலிருந்து “வருந்துகிறோம்” என்று கடிதம் போயிற்று. அந்த வருடம் அப்படி எத்தனையோ கடிதங்கள் போயின. நான் அந்தப் பெயரை மறந்தே போனேன்.

இரண்டு வருடம் கழித்து அதே கதவு எண்ணிலிருந்து வேறொரு மனு. ஜெயமேரியின் மகள், பி.காம். படிக்க. போனேன். அதே போர்ஷன், அதே ஃபிரிட்ஜ், அதே நாலு நாற்காலி. “இங்க நான் முன்னாடி வந்திருக்கேனே, இது அமுலு வீடாச்சே?” என்றேன். ஜெயமேரி சிரித்தார். “எங்க ஊடுதான் மேடம். அவுங்க ஊடு பின்னாடி. உங்களாண்ட பேசறதுக்கு அங்க இன்னா கீது, காலை நீட்டினா செவுரு இடிக்கும். பெரிய எடத்துலேர்ந்து மேடம் வர்றாங்கோ, தரையிலயா உக்கார வெக்கிறதுன்னு ஒரே அழுவாச்சி. நாந்தான் இங்க இட்டாரச் சொன்னேன். அந்தப் பொண்ணு போட்டிருந்த ஜிமிக்கிகூட என்னுதுதான்.” ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். “உங்க ஊடான்னு நீங்க கேக்கவே இல்லியே மேடம். ஃபிரிட்ஜு எப்ப வாங்குனதுன்னுதானே கேட்டீங்கோ” என்றார்.

எட்டு வருடமாக, இருப்பதை ஒளிக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லாததை இரவல் வாங்கி எனக்கு மரியாதை செய்கிறவர்களும் உண்டு என்று என் மரமண்டைக்கு ஏறவே இல்லை. எங்கள் ஆபீஸ் சுவரில் “கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருந்தது. அதற்குக் கீழேதான் என் நாற்காலி. ஜெயமேரியிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. வாசலிலேயே மண்ணெண்ணெய் அடுப்பு. கதவு பூட்டியிருந்தது. அம்மா ஆவடியில் வேலைக்கு, மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற கம்பெனியில். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் சங்கீதாவுக்கு அப்போதும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. மூன்று ஆண்டுக்குள் மனு போடலாம் என்று சொன்னேனே. சேர்மனிடம் போய் “சார், நான் தப்பான வீட்டைப் பார்த்துட்டேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மறுத்திருக்க மாட்டார். சொல்லவில்லை. அந்த மாதம்தான் கள அலுவலர்களுக்கெல்லாம் தலைமை ஆளாக என்னைப் போடப்போகிறார்கள் என்று பேச்சு. தலைமைப் பொறுப்புக்கு வரப்போகிறவள் அடுப்படி பார்க்காமல் கையெழுத்துப் போட்டாளாம் என்று நான் வகுப்பெடுத்த பெண்களே சிரிப்பார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தான் வலிக்கும். இங்கே வலி வேறொருத்திக்கு.

உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். பாடியில் ஷிப்ட் முடித்து வந்து, கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே முழுக்கக் கேட்டார். “உன் பேரு போனா போவுது. அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசம் கீது இல்ல? நாளைக்குக் காலைல போய் சொல்லிடு” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உங்களுக்கு லேத் மிஷினைத் தவிர என்ன தெரியும்? ஆபீஸ் விவகாரம் உங்களுக்குப் புரியாது” என்று கத்தினேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் மாதம் ஒரு தரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே “சொன்னியா?” என்பார். நான் ரசத்தை ஊற்றுவேன். ஒரு வருடம் இப்படியே ஓடிற்று. கெடு முடிந்த பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டபோதுகூட அவ்வளவு கஷ்டமாக இல்லை தம்பி. நாங்கள் இருவரும் ஏன் அந்த நாட்களில் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று ஹாஸ்டலிலிருந்து வந்தபோது நீ கேட்டாய். அப்பாவுக்கு பிரஷர் என்றேன். அதுவும் பொய்தான்.

இன்னொன்றும் கேள். ஜெயமேரி மகளுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? “எளிய குடும்பம். பரிந்துரைக்கிறேன்.” அதே ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு இல்லை என்றேன், இன்னொரு பெண்ணுக்கு உண்டு என்றேன். அந்தப் பிள்ளை நன்றாகப் படித்து இன்று வங்கியில் வேலை பார்க்கிறாள். அவள் படித்ததில் எனக்கு வருத்தமே கிடையாது. ஒரே காம்பவுண்டு, பத்தடி தூரம், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலைமைப் பொறுப்பு எனக்கு வந்தது. ஓய்வு பெற்றபோது சால்வை போர்த்தி, “கழுகுக் கண்” என்று மேடையில் பேசினார்கள். நீ வீடியோ எடுத்தாய். அந்த வீடியோவில் அப்பா இல்லை, கவனித்திருக்கிறாயா? வயிறு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருடமே ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தார். இப்போது நீ அவர் பெயரில் அறக்கட்டளை வைத்து, அதற்கு என்னைத் தேர்வாளராகப் போடுகிறேன் என்கிறாய்.

உன் செய்தி வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரில் ரயில் ஏறினேன். இரண்டாவது ஸ்டேஷன்தானே, ஏழு வருடமாக எனக்கு அது எட்டாத தூரமாக இருந்தது. யாருக்கும் போன் செய்யவில்லை. சேர்மன் விதியை முதல் தடவையாக மீறினேன். முன் போர்ஷனுக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். பின்னால் அதே ஆஸ்பெஸ்டாஸ். சங்கீதா வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னை முதலில் அடையாளம் கண்டது அவள்தான். “டிரஸ்ட் மேடம்தானே நீங்க?” என்று எழுந்தாள். அமுலுவுக்குச் சர்க்கரை, ஒரு கால் வீங்கி, வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ச் சுவரைப் பிடித்து நின்றார். “ஐயோ, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே! ஜெயா, ஏ ஜெயா, சேர் ஒண்ணு குடு!” என்று முன்பக்கம் பார்த்துக் கூவினார். நாற்காலி வருவதற்குள் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருந்தும் அது வந்தது. எங்கள் மூவருக்கும் நடுவில் காலியாகக் கிடந்தது.

சங்கீதா கேட்ட முதல் கேள்வியைக் கேள். “உங்க பையன் நல்லாக்கீறாரா மேடம்? அன்னிக்கு போன்ல பேசினீங்களே, மெத்த வாங்கணும்னு.” நல்லாயிருக்கான்மா என்றேன். வேலையா என்றாள், ஆமாம் என்றேன். அவள் அதே தையல் கம்பெனியில் இப்போது செக்கிங்கில் இருக்கிறாள். காலர் கோணலாக இருந்தால் பிரித்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அமுலு குறுக்கே புகுந்தார். “இவளாலதான் மேடம் எல்லாம் போச்சு. அத்தினி தபா சொல்லிக் குடுத்தேன், கஷ்டத்தைச் சொல்லி அழுவுடின்னு. இவ இன்னா சொன்னா? பிடிச்சிருக்கு மேடம்னு மொட்டையா சொல்லிக்கினு, உங்க எதிர்ல சேர்ல வேற ஜம்முனு குந்திக்கினா. யாருக்குத்தான் குடுக்க மனசு வரும்? வாய்த்துடுக்கு. இன்னைக்கும் அதேதான்.” சங்கீதா தலையைக் குனிந்து துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். ஆயிரம் தடவை கேட்டுப் பழகிய முகம் அது. ஒன்பது வருடமாக, தான் சொன்ன ஒரு பதிலால் வாழ்க்கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டு அந்தப் பெண் இருந்திருக்கிறாள்.

அதற்கப்புறம் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முன்பக்க வீட்டை உங்கள் வீடு என்று நினைத்தது, அடுப்படி பார்க்காதது, நான் எழுதிய இரண்டு வரி, இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது. சங்கீதா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, “அப்ப நான் பேசினது தப்பில்லியா மேடம்?” என்றாள். இல்லவே இல்லம்மா என்றேன். “ரெண்டு வருசம் கழிச்சுக்கூட டைம் இருந்துச்சா?” இருந்தது என்றேன். “அப்பகூட புக்கெல்லாம் வெச்சிருந்தேன் மேடம். அடுத்த வருசந்தான் எடைக்குப் போட்டோம்” என்றாள். என்னை அவள் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். இப்போதாவது படிக்கிறாயா, என் மகன் உதவுவான் என்று கேட்டேன். “இப்ப போயா மேடம்?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை.

அமுலு அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ நாந்தான்” என்றார். எனக்குப் புரியவில்லை. “நாந்தானே அங்க இட்டுக்கினு போயி உக்கார வெச்சேன். இங்கியே பாய் போட்டிருந்தா?” என்றார். இல்லைங்க, தப்பு என்னுது, கேக்காம விட்டது நான், மறைச்சது நான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. “ஜிமிக்கிகூட வாங்கிப் போட்டேனே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் எழுந்து வந்து தோளைப் பிடித்து, “விடும்மா” என்றாள். நான் கிளம்ப எழுந்தபோது அமுலுவும் சுவரைப் பிடித்து எழுந்தார். “ஒரு வாய் காபிகூட குடுக்காம அனுப்பறேன். அடுத்த தபா ஒரு போன் பண்ணிட்டு வாங்க மேடம். சொல்லிட்டு வந்தா எல்லாம் எடுத்து வெச்சிருப்பேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அதைச் சொன்னார்.

அதனால்தான் தம்பி, நீ கேட்ட படிவத்தை நான் அனுப்பவில்லை. பீரோவில் இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்கிறீர்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் வாசலில் போய் நின்று தகுதி உண்டா இல்லையா என்று எழுதுகிற பேனா உங்கள் கையில் வந்துவிட்டால், உங்களுக்கும் என்னைப்போல் கண் மங்கும். அதற்கு ஆபரேஷன் கிடையாது. எதிரில் இருப்பவர் யாருடைய நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருக்கிறார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். தப்பு செய்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். அடுத்த நாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால், அது ஏழு வருடமாகிவிடும். நான் வெறும் வாயால் சொல்லவில்லை. அந்தத் தப்பைக் கட்டிக்கொண்டு வாழ்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று சங்கீதா ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. தண்டவாளத்தைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண் எத்தனை நோயாளிகளை இப்படிப் பிடித்து நடத்தியிருப்பாள் என்று நினைத்தேன். பிளாட்பாரத்திலும் கூடவே நின்றாள். ரயில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “நீங்க என்னாண்ட தனியா சொல்லியிருக்கலாம் மேடம். அம்மா முன்னாடி சொல்லியிருக்க வேணாம். ஒம்பது வருசமா என்னைத் திட்டிக்கினே அவங்க பொழுது போச்சு, எனக்கும் பழகிடுச்சி. இனிமே அவங்க யாரைத் திட்டுவாங்க?” என்றாள்.

ரயில் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

அறக்கட்டளைப் பலகையில் அப்பா பெயரைப் பெரிதாகப் போடு. அதற்குக் கீழே என் பெயர் வேண்டாம்.

அம்மா